நண்டலாற்றங்கரையில் என் பை

எனக்கு நடக்கப் பிடிக்கும் என்பது இருபத்து மூன்று வயது வரை எனக்கே தெரியாது. அதுவரை நான் நடந்ததெல்லாம் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து கோயில், கோயிலிலிருந்து வீடு. காரைக்காலை ஒட்டித் தருமபுரத்தில் இருந்தோம். அப்பா மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், கிளார்க். நான் கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். எழுபதுகளின் பிற்பகுதி அது.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் ஒரு கூட்டம் அரசலாற்றுப் பாலத்தருகே சேர்ந்து எங்கேயோ நடந்து போகிறது என்று எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர்தான் சொன்னார். காசு கிடையாது, பெயர் கொடுக்க வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் வரலாம். வாய்க்கால் கரை, ஆற்றங்கரை, வரப்பு என்று மத்தியானம் வரை நடந்து, ஏதாவது தோப்பில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பஸ் பிடித்துத் திரும்பிவிடுவார்கள். கூட்டிப் போகிறவரை ஊரே பிரெஞ்சு வழக்கப்படி முசியே, அதாவது ஐயா, என்று கூப்பிட்டது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு வந்தவர். ஐம்பதைத் தாண்டியும் முதுகு வளையாமல் இருப்பார். காக்கிக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பிரம்பு. ஊரில் சும்மா இருக்கப் பிடிக்காமல் தன் செலவில், தன் பாட்டில் இதைச் செய்துகொண்டிருந்தார்.

அம்மாவுக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. "வயசுப் பொண்ணு ஆம்பளைங்களோட வரப்புல நடக்குறதா? எதுக்கு? எந்த ஊருக்குப் போக?"

"முசியே கூட்டிட்டுப் போறாரு. அவரு சம்சாரமும் கூடவே வருது. அந்தம்மா இருக்கிற இடத்துல என்ன பயம்?" என்றார் அப்பா. அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு அனுமதி கிடைத்தது.

அந்தம்மாவை நான் அக்கா என்று கூப்பிட்டேன். கட்டையான உடம்பு, நாற்பதைத் தாண்டிய வயது, குழந்தை இல்லை. அதிகம் பேச மாட்டார். முசியே வரிசையின் தலையில் நடப்பார், அக்கா கடைசியில். இரண்டு பேருக்கும் நடுவில்தான் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேரும். நான் நடையில் மெதுவென்பதால் எப்போதும் அக்காவுக்கு முன்னால் கடைசி ஆளாக வந்தேன். காலில் நெருஞ்சி முள் ஏறினால் அப்படியே வரப்பில் உட்கார வைத்து, ஊக்கால் எடுத்துவிட்டு, "ம், நடங்க டீச்சர்" என்பார். எனக்கு வந்த கல்யாணப் பேச்சுகளையெல்லாம் அவரிடம்தான் சொன்னேன். வீட்டில் சொல்லாததையும் சொன்னேன்.

சாப்பாடு அக்கா பொறுப்பு. எலுமிச்சை சாதம், துவையல், சில நாள் அவித்த முட்டை. கனத்தை எல்லாரும் பங்கு போட்டுத் தூக்க வேண்டும் என்பது முசியேவின் சட்டம். அதற்காக அக்கா ஒரே மாதிரி காக்கித் துணிப் பைகள் தைத்து வைத்திருந்தார். புறப்படும் முன் ஆளுக்கொன்று கொடுப்பார். ஒருவருக்குத் தண்ணீர், ஒருவருக்கு வாழையிலைக் கட்டு, ஒருவருக்கு மருந்துப் பெட்டி. சோற்றுப் பாத்திரம் உள்ள பை பெரும்பாலும் எனக்கு வரும். "இதை நீங்க வச்சுக்குங்க டீச்சர், நீங்கதான் ஆட்டாம நடப்பீங்க" என்பார். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

நடை எப்படி ஆரம்பித்தது என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் முசியே ஒரே கதையைச் சொல்வார். "என் சம்சாரத்துக்கு முட்டி வீங்கிப் போச்சு. தினம் நடந்தா போதாது, வாரத்துல ஒரு நாளு நல்லா தூரம் நடக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. சரின்னு நாங்க ரெண்டு பேரும் கிளம்புனோம். ஒரு வாரம் நம்ம கம்பவுண்டர் சேந்துக்கிட்டாரு. அப்புறம் பாருங்க, இவ்வளவு பேரு."

கம்பவுண்டர் என்பவர் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தவர், அதிர்ந்து பேசாதவர். அவரைத் தவிர, தஞ்சாவூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பேங்க் கிளார்க்கும் தவறாமல் வருவார். அவருக்குப் பாட்டு, ஜோக்கு எல்லாம் உண்டு. மற்றவர்கள் வருவதும் நிற்பதுமாக இருந்தார்கள்.

முசியேவுக்குக் குடி ஆகாது. அந்தக் காலத்தை அறியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மதுவிலக்கு. எங்கள் பக்கம் பாண்டிச்சேரி அரசு, பிராந்திக் கடைகள் திறந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கத்து ஆண்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். குடித்துவிட்டுப் போகிறவர்கள் பாதி, மடியிலும் சைக்கிள் டியூபிலும் கட்டிக் கடத்துகிறவர்கள் பாதி. இதைப் பார்த்தாலே முசியேவுக்கு உடம்பு எரியும். பட்டாளத்தில் இருந்தும் ஒரு சொட்டு தொடாதவர் என்று அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். ஒருமுறை நடைக்கு வந்த ஒருவரிடம் முந்தின நாள் குடித்த வாடை இருந்தது. எல்லார் முன்னாலும் முசியே பிரம்பை நீட்டி, "நீங்க வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டார். அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு போனதை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

மாதத்தில் இரண்டு ஞாயிறாவது நடை வடக்கே, வரிச்சிக்குடி வழியாக நண்டலாற்றைத் தாண்டி அந்தப் பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போகும். அது அக்கா பிறந்த ஊர். அங்கே பெரிய மாந்தோப்பு, பக்கத்தில் பம்புசெட். நாங்கள் தோப்பில் இளைப்பாறும்போது அக்கா சோற்றுப் பையை என்னிடம் வாங்கிக்கொண்டு, "பொறந்த வீட்டை எட்டிப் பாத்துட்டு, துவையலை அரைச்சுக்கிட்டு வந்துர்றேன்" என்று போவார். முசியே அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை. அக்காவுக்கு ஒரு தம்பி இருப்பதும், அவன் குடிகாரன் என்பதால் முசியே உறவை வெட்டிவிட்டதும் எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

அந்த நாள் மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு. அறுவடை முடிந்து வயலில் உளுந்து பச்சையாகப் பரவியிருந்தது. வரிச்சிக்குடியில் களை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்து வழக்கம்போல் சிரித்தார்கள். "பஸ்ஸு வரலீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். "பஸ்ஸு வருது, நாங்கதான் ஏறல" என்றார் பேங்க் கிளார்க். வேலை வெட்டி இல்லாமல் வெயிலில் நடப்பவர்கள் உலகத்தில் உண்டு என்பதை அந்தப் பெண்களால் கடைசி வரை நம்ப முடியவில்லை.

ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். மூங்கில் பாலத்தில் ஒவ்வொருவராகத் தாண்டினோம். அக்கரையில் பனைமரத்து நிழலில் மூன்று போலீஸ்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்கள். ஏட்டு வயதானவர், மரியாதையாகத்தான் பேசினார்.

"பெரியவரே, ஒரு நிமிஷம். இந்தப் பாலம் வழியா சரக்கு போகுதுன்னு தகவல். பையைக் கொஞ்சம் பாத்துக்கிறோம்."

முசியேவின் முகம் சிவந்துவிட்டது. "எங்க பையையா? நாங்க யாருன்னு தெரியுமா உங்களுக்கு? இதுல டீச்சருங்க இருக்காங்க, பேங்க்குல வேலை பாக்குறவரு இருக்காரு."

"தப்பா நினைக்காதீங்க. எல்லாரையும்தான் பாக்குறோம்."

"பாருங்க. நல்லா பாருங்க." முசியே எங்கள் பக்கம் திரும்பி, பட்டாளத்தில் உத்தரவு போடுகிற மாதிரி சொன்னார். "எல்லாரும் பையைக் கீழ வரிசையா வைங்க. வாயைத் திறந்து வைங்க. ஒருத்தரும் மறைக்கக் கூடாது."

வைத்தோம். எனக்கு அது வேடிக்கையாகக்கூட இருந்தது. வீட்டில் போய்ச் சொல்ல ஒரு கதை கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன். அக்கா மட்டும் கரைச் சரிவில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டார். கால் வலி என்று நினைத்தேன்.

இளம் போலீஸ்காரர் ஒருவர் ஒவ்வொரு பையாகக் கைவிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். தண்ணீர், இலைக்கட்டு, மருந்துப் பெட்டி. என் பையில் சோற்றுப் பாத்திரத்தை எடுத்து வெளியே வைத்தார். திரும்பக் கை விட்டார். பழைய புடவைத் துணியில் சுற்றிய ஒன்று வந்தது. துணியைப் பிரித்தார். தட்டையான பாட்டில். உள்ளே மறுபடி கை விட்டு இன்னொன்றை எடுத்தார்.

அது என்ன என்று எனக்கு உடனே புரியவில்லை என்பதுதான் உண்மை. இருமல் மருந்து என்று நினைத்தேன். ஏட்டு மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டு போனார். காற்று என் பக்கம் வீசியது. அந்த வாடை வந்த பிறகும் என் மனது வேறு ஏதாவது விளக்கம் தேடிக்கொண்டிருந்தது. பை மாறிவிட்டதோ என்று பார்த்தேன். பையின் காதில் நான் அன்று காலை அடையாளத்துக்குக் கட்டிய நீல நூல் இருந்தது.

"யாரு பை இது?"

வகுப்பில் பிள்ளைகள் தூக்குவதுபோல நான் கையைத் தூக்கினேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி, விரலை நீட்டி. இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

முசியே என்னைப் பார்த்தார். "டீச்சர், நீங்களா?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார். பக்கத்தில் நின்றிருந்த பேங்க் கிளார்க் இரண்டடி தள்ளிப் போய் நின்றார். கணக்கு டீச்சர் குனிந்து தன் செருப்பைச் சரிசெய்துகொண்டார். இவர்களோடு ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரே பாத்திரத்துச் சோற்றைப் பகிர்ந்து சாப்பிட்டிருக்கிறேன். பள்ளிக்கூடம், அப்பா, கன்னியர் மடத்து மதர் சுப்பீரியர் என்று முகங்கள் வந்து வந்து போயின. நான் எடுத்து வரவில்லை என்று சொல்ல வேண்டும். தூக்கிய கையைக்கூட இன்னும் இறக்கவில்லை.

"டீச்சருக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் வச்சேன்."

அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. துவையலுக்கு உப்பு போட்டது நான்தான் என்பதுபோலச் சொன்னார்.

ஏட்டு அவரிடம் போனார். "யாருக்கும்மா எடுத்துட்டுப் போறே? வியாபாரமா?"

"வியாபாரம் இல்லீங்க. என் தம்பிக்கு."

"இங்க கொண்டாரக் கூடாதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும். இங்க கிடைக்கிறதை அவன் குடிச்சா செத்துருவான். வார்னிஷ குடிக்கிறாங்க, சாராயத்துல எதையோ கலந்து விக்கிறாங்க. பக்கத்துத் தெருவுல குடிச்சவங்க போய்ச் சேந்துட்டாங்க. குடிக்காதடான்னு சொல்லிப் பாத்தாச்சு. சத்தியம் வாங்கியாச்சு. அவன் நிறுத்த மாட்டான். எதையாவது குடிக்கத்தான் போறான். நல்லதா குடிக்கட்டுமேன்னு கொண்டாந்து குடுக்கிறேன்."

முசியே அவர் எதிரில் போய் நின்றார்.

"எத்தனை நாளா?"

"நடக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து."

அவர் பிரம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டார். பிறகு கேட்டார். "டாக்டர் நடக்கச் சொன்னாருன்னு சொன்னியே."

"டாக்டர் அப்படிச் சொல்லலீங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. முட்டி வீக்கம் கிடையாது. தனியாக இந்த ஊருக்கு வர அவருக்கு வழி இருக்கவில்லை. புருஷனையே கூட்டிக்கொண்டு, அவர் கௌரவத்தையே துணைக்கு வைத்துக்கொண்டு, மாதம் இரண்டு முறையாவது தம்பியிடம் போய்ச் சேர ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். அந்த வழிக்குப் பின்னால் கம்பவுண்டர் வந்தார், நான் வந்தேன், நாங்கள் எல்லாரும் வந்தோம். நான் நடந்த எல்லா நடையும் இந்தப் பாட்டிலுக்குப் பின்னால்தான்.

முசியே திரும்பினார். பாலத்தில் ஏறி வந்த வழியே நடக்க ஆரம்பித்தார். எந்த இடத்தை விட்டுக் கிளம்பினாலும் ஆளை எண்ணிப் பார்க்காமல் ஓர் அடி வைக்காதவர் அவர். அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேங்க் கிளார்க் தன் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். கணக்கு டீச்சர் என் தோளை லேசாகத் தொட்டுவிட்டுப் போனார். ஒவ்வொருவராகப் பாலம் தாண்டினார்கள். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் பெரிய அடி. என் பையிலிருந்து பாட்டில் வந்ததைவிட, இவ்வளவு பேரும் இவ்வளவு சீக்கிரம் போய்விட முடியும் என்பது.

கம்பவுண்டர் மட்டும் நின்றார். "ரெண்டு பொம்பளைங்களை ஸ்டேஷனுக்கு விட்டுட்டு எப்படிப் போறது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

போலீஸ்காரர்களோடு ஸ்டேஷனுக்கும் நடந்துதான் போனோம். எதிரில் வந்தவர்கள் சைக்கிளை விட்டு இறங்கிப் பார்த்தார்கள். சிலருக்கு அக்காவைத் தெரிந்திருந்தது. அவர் முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்ளக்கூட இல்லை. ஸ்டேஷனில் ஏட்டு நடந்ததை எழுதி என்னிடம் படித்துக் காட்டி, பையில் இருந்தது எனக்குத் தெரியாது என்பதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அக்காவுக்குக் கம்பவுண்டர் ஜாமீன் போட்டார். கோர்ட்டுக்குக் கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். பின்னால் அபராதத்தோடு அது முடிந்தது.

பஸ் ஸ்டாப்பில் நாங்கள் இருவரும் ஒரு கல்லில் உட்கார்ந்தோம். கம்பவுண்டர் தள்ளி நின்றார். எனக்கு அப்போதுதான் குரல் வந்தது.

"ஏங்கா என் பையில வச்சீங்க?"

"டீச்சர் பையை யாரு பாக்கப் போறா? உங்களைப் பாத்தா ஒருத்தனுக்கும் சந்தேகம் வராது."

"வந்துச்சே. நீங்க சொல்லாம இருந்திருந்தா என் வேலை போயிருக்கும். கல்யாணம் நின்னுருக்கும்."

"தெரியும்," என்றார்.

அவர் மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருந்தேன். அழுவார், கையைப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அந்தப் பையை என் தோளில் மாட்டும்போது என்ன ஆகக்கூடும் என்று கணக்குப் போட்டுத்தான் மாட்டியிருக்கிறார். என் கல்யாணக் கதையைக் கேட்டுக்கொண்டே, முள்ளை எடுத்துவிட்டுக்கொண்டே. அந்த ஒரு "தெரியும்" என்னைத் தூக்கிப் போட்டதுபோல அந்த நாளில் வேறெதுவும் செய்யவில்லை. பஸ்ஸில் நான் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

செய்தி எனக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்தபோது கரும்பலகையில் சாக்பீஸால் ஒரு பாட்டில் வரைந்திருந்தது. ஏழு வயதுப் பிள்ளைகள். யார் வரைந்தது என்று கேட்காமல் அழித்துவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தேன். மதர் சுப்பீரியர் கூப்பிட்டு அனுப்பினார். நடந்ததை முழுக்கக் கேட்டார். "இனி அடுத்தவங்க குடுக்கிற பையைத் திறந்து பாத்து வாங்கு" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். வேலை போகவில்லை. பாண்டிச்சேரியிலிருந்து வந்திருந்த ஒரு சம்பந்தப் பேச்சு மட்டும் பதில் இல்லாமல் நின்றுபோனது. அம்மா என்னிடம் முகம் கொடுத்துப் பேச வாரக்கணக்கானது. நடை நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாலத்தருகே யாரும் கூடவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலம் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தபோது கம்பவுண்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காராமலே சொன்னார்.

"அந்தம்மாவோட தம்பி எதையோ குடிச்சிட்டாராம். கூடக் குடிச்சவங்கள்ல ரெண்டு பேரு இல்ல. இவரு பிழைச்சிக்கிட்டாரு. கண்ணு போயிடுச்சு."

"கண்ணுன்னா?"

"ரெண்டும்தான். ஒண்ணும் தெரியலையாம்."

ஆற்றங்கரையில் அக்கா சொன்னதை நான் நம்பியிருக்கவில்லை. மாட்டிக்கொண்டவர்கள் ஏதாவது சொல்வார்களே, அப்படி ஒன்று என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். நான் அவர்மேல் கோபமாக இருந்த அந்த வாரங்களில், அவர் சொன்னது அப்படியே நடந்துகொண்டிருந்திருக்கிறது.

ஈஸ்டர் கழிந்து ஒரு சாயங்காலம், அம்மாவிடம் சொல்லிவிட்டே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா தனியாக இருப்பார், முசியே எங்காவது போயிருப்பார், வீடு இருண்டு கிடக்கும் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். கதவு திறந்திருந்தது. கூடத்தில் சாய்வு நாற்காலியில் ஒல்லியான ஒரு மனிதர் முசியேவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்கள் திறந்தேதான் இருந்தன. எதிரில் ஸ்டூலில் முசியே. மருந்து அளக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பியில் பிராந்தியை ஊற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு தம்ளரில் கொட்டித் தண்ணீர் சேர்த்தார். அந்த மனிதரின் கையைப் பிடித்து, விரல்களைத் தம்ளரைச் சுற்றி மடித்துவிட்டார்.

"மெதுவா. இன்னைக்கு இவ்வளவுதான்."

"சரிங்க மாமா."

வாசலிலேயே நின்றுவிட்டேன். ஒரு வாடைக்காக ஒரு மனிதரை ஊர் முன்னால் திருப்பி அனுப்பியவர் இவர்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முசியே தலையைத் தூக்கி, "வாங்க டீச்சர். உக்காருங்க" என்றார். பாட்டிலை மறைக்கவில்லை.

"நானே கடைக்குப் போயி வாங்கிட்டு வரேன்," என்றார். "வரிசையில நிக்கிறேன். தெரிஞ்சவன்லாம் பாத்துச் சிரிக்கிறான். டாக்டர் ஒரேயடியா நிறுத்தினா தாங்காதுன்னு சொல்றாரு. கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கிறேன்."

"நீங்க திறக்கச் சொல்லாட்டியும் போலீஸ் பையைப் பாத்திருப்பாங்க, முசியே" என்றேன்.

"பாத்திருப்பாங்க. நான் திரும்பி நடந்திருக்க வேணாம்." குப்பியைத் துணியால் துடைத்தார். "உங்களையும் அப்படிக் கேட்டிருக்க வேணாம்."

அக்கா சமையல்கட்டிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். முசியே அவர் பக்கம் திரும்பாமல், மைத்துனரிடம் சொன்னார். "டீச்சருக்குக் காபி போடச் சொல்லு."

"அக்கா, டீச்சருக்குக் காபியாம்," என்றார் அந்த மனிதர், மூன்றடி தள்ளி நின்றவரிடம்.

அக்கா உள்ளே போனார். எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. அவர்கள் பேசிக்கொள்வதில்லை. அக்காவின் தம்பியை முசியே தன் வீட்டுக்குக் கொண்டுவந்து, குளிப்பாட்டி, சட்டை மாட்டி, கையில் மதுவையும் ஊற்றிக் கொடுக்கிறார். அக்காவிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்தக் காபியை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்கு நினைவில்லை. கிளம்பும்போது அக்கா வாசல் வரை வந்து, "வெயிலுக்கு முன்ன வாங்க, இன்னொரு நாளு" என்றார். அப்போதும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

மழைக்காலம் முடிந்து நடை மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை ஆற்றைத் தாண்டுவதில்லை, நம் எல்லைக்குள் மட்டும். பேங்க் கிளார்க் வரவில்லை. கணக்கு டீச்சர் வந்தார், என்னிடம் வழக்கம்போலப் பேசினார், நானும் பேசினேன். அவரவர் சாப்பாட்டை அவரவர் கட்டிக்கொண்டு வந்தோம். முசியே தலையில். அக்கா கடைசியில், தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு. இருவருக்கும் நடுவில் இன்னும் பேச்சு இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் எங்களில் யாராவது முன்னுக்கும் பின்னுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்போம். பழகிவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

சுரக்குடிப் பக்கம் போன ஒரு ஞாயிறு. பயிர் இடுப்பளவு நின்றது. வரப்பு நனைந்து வழுக்கியது. எனக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினேன். தம்பி கால் நழுவி வயலில் விழுந்து, அக்காவையும் இழுத்துப் போட்டுவிட்டார். இருவரும் சேற்றில் கிடந்தார்கள். நான் கை கொடுக்கக் குனிவதற்குள் முசியே வரிசையின் தலையிலிருந்து ஓடி வந்தார். குறுகிய வரப்பில் எங்களை ஒவ்வொருவராக இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார். கம்பவுண்டர் ஒரு காலை வயலில் வைத்து வழி விட்டார்.

முசியே கால்சட்டையோடு சேற்றில் இறங்கினார். மைத்துனரைப் பிடித்துத் தூக்குவார் என்று நினைத்தேன். அவர் அக்காவின் முன்னால் குனிந்தார்.

"உனக்கு அடிபட்டுச்சா?"

நாங்கள் அத்தனை பேரும் அசையாமல் நின்றோம். அக்காவும் அப்படியே இருந்தார். முகத்தில் வழிந்த சேற்றைத் துடைக்கக்கூடக் கை எழவில்லை. ஏறக்குறைய பத்து மாதங்களுக்குப் பிறகு முசியேவிடமிருந்து அவருக்கு வந்த முதல் வார்த்தை அது.

"இல்லீங்க," என்றார் கடைசியில். "அவனைப் பாருங்க."

முசியே இருவரையும் கரையேற்றினார். வாய்க்காலில் கை கால் கழுவினார்கள். நாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவர் முன்னால் போகாமல், மைத்துனரின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு, "கம்பவுண்டர், இன்னைக்கு நீங்க முன்னால போங்க" என்றார். கம்பவுண்டருக்கு வழி சரியாகத் தெரியவில்லை. நாங்கள் ஒரு வாய்க்காலைத் தப்பாகச் சுற்றிக்கொண்டு, மத்தியானத்துக்கு வெகு நேரம் கழித்து, பசியோடு ரோட்டுக்கு வந்து சேர்ந்தோம்.